என்ட்ரி அக்காவின் பால்கனிக் கப்பல்

உள்ளே வந்து நாற்காலியில் உட்காரப்போன பல் டாக்டரை என்ட்ரி அக்கா மறுபடி எழுப்பினார். "உட்காராதீங்க டாக்டர். பால்கனிக்குப் போங்க. இப்ப நீங்க கப்பல்ல இருக்கீங்க." பிறரை வாயைத் திறக்கச் சொல்லியே இருபது வருஷம் பிழைத்த மனிதர், தன் வாயை ஒருமுறை திறந்து மூடிவிட்டுப் பால்கனிக்குப் போனார். ஏழடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட அந்தக் கப்பலில் ஓர் உடைந்த மேசை விசிறியும், இரண்டு காலித் தண்ணீர்க் கேன்களும், விரித்துக் காயவைத்த ஒரு குடையும் ஏற்கெனவே பயணம் செய்துகொண்டிருந்தன.

"ஊரெல்லாம் பார்த்தாச்சா? இப்ப திரும்பி உள்ள வாங்க. க்ளிப் எங்க?"

"அதான் படிக்கட்டு வழியா வந்தப்பவே வாங்கிட்டீங்களே."

"அப்ப உள்ள வர முடியாது டாக்டர்."

தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா நிதானமாக உட்கார்ந்து மீதி டீயைக் குடித்தார். எதிர்க்கட்டட மாடியில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர், மெஷினை நிறுத்தாமலே, "என்ன சார், கப்பலா?" என்று கேட்டார். அவருக்கு இது பழகிப்போன காட்சி. அந்தப் பால்கனியில் ஒரு நகைக்கடைக்காரர் நின்று பார்த்திருக்கிறார், ஒரு புதுமணத் தம்பதி நின்று பார்த்திருக்கிறார்கள், ஒரு நீதிபதிகூட நின்று பார்த்திருக்கிறார். அத்தனை பேருக்கும் அவர் கேட்டது அதே கேள்விதான். நீதிபதி மட்டும் பதில் சொல்லவில்லை.

வீசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைய அந்த நாடு தரும் அனுமதி. அந்த அனுமதிக்கு எண்ணிக்கை உண்டு என்பதைத்தான் படித்தவர்களும் படிப்பதில்லை. ஒற்றை நுழைவு என்று எழுதியிருந்தால் ஒரே தடவைதான் உள்ளே வரலாம். முப்பது நாள் தங்கலாம் என்று போட்டிருக்கிறதே என்ற தெம்பில், மூன்றாம் நாள் கப்பலேறி, அக்கம்பக்கத்து நாடுகளை எட்டிப்பார்த்துவிட்டு, ஏறிய துறைமுகத்திலேயே வந்து இறங்குகிறவர், அந்த நாட்டைப் பொறுத்தவரை வெளியே போய்விட்டவர். மறுபடி வாசலில் வந்து நிற்பவர். இதை அக்கா வாயால் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தார். எல்லாரும் "புரியுது, புரியுது" என்று தலையாட்டினார்கள். தலையாட்டிய அத்தனை பேரும் தவறாமல் ஒற்றை நுழைவு வீசாவோடு வந்து நின்றார்கள். அதன் பிறகுதான் க்ளிப்பும் தாழ்ப்பாளும் வந்தன. வீசாவில் எத்தனை நுழைவோ அத்தனை க்ளிப் கையில் தரப்படும். படிக்கட்டுக் கதவு தரை எல்லை. பால்கனிக் கதவு துறைமுகம். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் அக்காவிடம் ஒரு க்ளிப் தர வேண்டும். க்ளிப் தீர்ந்தவர் கப்பலிலேயே இருக்க வேண்டும். பத்து நிமிஷம் அங்கே நின்றவர் வாழ்நாளுக்கும் மறப்பதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒரு மாடி ஏறினால் அலுவலகம். ஒரே அறை, இரண்டு மேசை, ஐந்து நாற்காலி. அவற்றில் ஒன்று ஆடும் நாற்காலி, ஆடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. விமானத்தில் போகிறவர்களை அக்கா மதிப்பதில்லை. "ஏறினாங்க, இறங்கினாங்க, முடிஞ்சுது. அதுல நான் பார்க்க என்ன இருக்கு?" பஸ்ஸில் எல்லை தாண்டி, கப்பலேறி, கப்பல் விட்டு இறங்கி, ரயில் பிடித்து இன்னோர் எல்லை தாண்டுகிறவர்கள்தான் அவருடைய ஆட்கள். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் தவளைகள். "இன்னிக்கு மூணு தவளை வருதுங்க. ஒண்ணு குடும்பத்தோட" என்று கணவரிடம் சொல்லும்போது அதில் கேலி கொஞ்சமும் இருக்காது, துறை சார்ந்த கலைச்சொல் அது.

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். காலிப் பக்கங்களை எண்ணுவார். பிறகு காலாவதித் தேதியைப் பார்த்து, பால் பாக்கெட் வாங்குகிறவரைப் போல, "இது இன்னும் ஆறு மாசம் தாங்குமா?" என்பார். எங்கே போகிறீர்கள் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "எங்கேருந்து திரும்பி வர்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "போறதுக்கு யாரும் தடுக்க மாட்டாங்க. எந்த நாடும் உங்களைப் பிடிச்சு வெச்சுக்க ஆசைப்படல. வர்றப்பதான் மூஞ்சியப் பார்ப்பாங்க." ஐம்பத்திரண்டு வயது, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. குடியேற்ற அதிகாரிகள் பலருக்கு அந்தப் பார்வை வாய்க்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ஒரே வேலை: போனில் காத்திருப்பது. பஸ் கம்பெனியில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், காத்திருப்பதில் தொழில்முறைப் பயிற்சி உண்டு. தூதரகங்களையும் கப்பல் கம்பெனிகளையும் அழைத்து, ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, பிறகு ஒலிக்கும் இசைக்கு விரலால் தாளம் போட்டபடி அசையாமல் இருப்பார். "புல்லாங்குழல் வந்தா தூதரகம். பியானோ வந்தா கப்பல். ஒண்ணுமே வரலேன்னா நம்ம ஊரு ஆபீஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். அலுவலக நேரத்தில் மனைவியை அவர் "மேடம்" என்றுதான் அழைப்பார். வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் வாய் தவறி அதுவே வந்துவிடும். அன்றைக்கு வீட்டில் அவருக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல்.

இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அக்காவுக்கு ஒரே ஒரு கரும்புள்ளி. அதுவும் வெளியார் இல்லை, சொந்தக் கொழுந்தனார். க்ளிப் முறை வருவதற்கு முன் நடந்தது. ஒற்றை நுழைவோடு கப்பலேறிவிட்டார். திரும்பி வந்தபோது துறைமுகத்தில் உள்ளே விட மறுத்தார்கள். கப்பலும் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக முடியாது. எனவே அதே கப்பலில் அதே ஐந்து நாள் சுற்றை இன்னொரு முறை சுற்றி, வேறு துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். மனிதர் நான்கு கிலோ கூடி வந்து சேர்ந்தார். இதுவாவது பரவாயில்லை, அவர் அதைப் பற்றி வருத்தப்பட்டிருந்தால் அக்கா மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார். ஆனால் அவரோ குடும்பக் கூட்டங்களில் எல்லாம், "எங்க அண்ணி புண்ணியத்துல ரெண்டு ரவுண்டு!" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொல்கிறார். அக்காவுக்கு அது ஆறவே ஆறாது.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை பூகோள சார் மாடியேறி வந்தார்.

முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். கையில் சுருட்டிய தேசப்படம். பின்னால் அவர் மனைவி, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதங்கள். கீழே கண்ணாடி வாங்க வந்த இடத்தில் அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்த அம்மாதான் இழுத்து வந்திருக்கிறார். சாருக்கு இதில் உடன்பாடு இல்லை. "எல்லாம் ரெடியா இருக்கு. மாப்பிள்ளை பக்காவா பண்ணிக் குடுத்துட்டார். இவதான் ஒருதரம் காட்டிடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சும்மா பாருங்க" என்று, விடைத்தாளில் கையெழுத்து மட்டும் கேட்கிறவரைப் போலச் சொன்னார்.

பக்காவான திட்டம் இதுதான். அடுத்த வாரம் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு பஸ். அது தரை எல்லையைத் தாண்டி, பக்கத்து நாட்டின் துறைமுக நகரத்தில் விடும். ஞாயிற்றுக்கிழமை அங்கே கப்பல். நான்கு ராத்திரி கடல். வியாழக்கிழமை காலை அதே துறைமுகம். அங்கிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம் போனால் மகள் வீடு. மகளுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த பிரசவத் தேதி அதற்கடுத்த திங்கட்கிழமை. மாமனார் மாமியார் வரும் வழியில் நாலு நாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கப்பலை ஏற்பாடு செய்தவர் மாப்பிள்ளை. வீசா எடுத்தவரும் அவரே. ஒற்றை நுழைவு, முப்பது நாள்.

அக்கா காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே சாரைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஆளுக்கு ஒரு க்ளிப் எடுத்துக் கொடுத்தார்.

சார் படிக்கட்டுக்குப் போய், உள்ளே வந்து, க்ளிப்பைக் கொடுத்து, பால்கனிக்குப் போய்த் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. உடனே அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, நான் அந்தக் கப்பலை விட்டு எங்கயுமே இறங்கப் போறதில்ல. ஏறின இடத்துலயே இறங்கறேன். தூரம் இருக்கும், ஆனா இடப்பெயர்ச்சி சுழி! எட்டாங்கிளாஸ் பாடம்!"

"அதிகாரி எட்டாங்கிளாஸ்ல என்ன மார்க் எடுத்தாரோ, யாருக்குத் தெரியும் சார்?"

"கடல்ல எங்கம்மா கோடு போட்டிருக்கு? நாப்பது தேசப்படம் வெச்சிருக்கேன், காட்டுங்க பார்ப்போம்."

"கோடு கடல்ல இல்ல சார். கவுன்டர்ல இருக்கு. மஞ்சளா, தரையில. அதுக்கு இந்தப் பக்கம் நிக்கச் சொல்லுவாங்க."

"என்ன சார், கப்பலா?" என்றார் எதிர்மாடித் தையல்காரர்.

"இடப்பெயர்ச்சி சுழி!" என்று சார் அவரிடமும் கத்தினார். தையல்காரர் முதல்முறையாக மெஷினை நிறுத்திவிட்டார்.

இந்த அமளியில் அந்த அம்மாவை யாரும் கவனிக்கவில்லை. அவர் க்ளிப்பைக் கொடுத்துவிட்டு அறைக்கு நடுவில் வந்து, ஆடும் நாற்காலியாகவே பார்த்து உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"நீங்களும் பால்கனிக்குப் போகணும்மா."

"நான் போகல."

"ஒத்திகைதாம்மா."

"ஒத்திகைக்குக்கூட போக மாட்டேன். போனா திரும்ப வர முடியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க. என் பொண்ணு இந்தப் பக்கம் இருக்கா." பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். "முதல் பிரசவம். தினமும் போன் பண்ணி, 'அம்மா, வந்துடுவ இல்ல, வந்துடுவ இல்ல'ன்னு கேக்குறா. கப்பல்ல மாட்டிக்கிட்டேன்னு அவகிட்ட என்னன்னு சொல்றது?"

அக்காவின் இருபத்திரண்டு வருஷத்தில், போகாமலே புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். அக்கா எழுந்து போய்ப் பால்கனித் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். சார் உள்ளே வந்தார். இன்னும் சுழி, சுழி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் சுருதி இறங்கியிருந்தது.

பல நுழைவு வீசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் பத்து வேலை நாள். கையில் இருப்பது எட்டு நாள், அதில் இரண்டு விடுமுறை. "கப்பலை விட்டுடுங்க சார். பஸ் பிடிச்சு, ரயில் பிடிச்சு, நேரா பொண்ணு வீடு. ஒரே என்ட்ரி. நிம்மதி" என்று அக்கா வழக்கமான தீர்ப்பை வழங்கினார். வழக்கமாக இந்த இடத்தில் வாடிக்கையாளர் மாப்பிள்ளையைத் திட்டுவார், அல்லது அரசாங்கத்தைத் திட்டுவார், அல்லது அக்காவையே திட்டுவார். சார் யாரையும் திட்டவில்லை. தேசப்படத்தை எடுத்துச் சுருட்டினார். சுருட்டி முடித்ததும் விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"முப்பத்தோரு வருஷம் போர்டுல கடல் வரைஞ்சிருக்கேம்மா. நீலச் சாக்பீஸ்லதான். அதுவும் பாதி நாள் நீலம் ஸ்டாக் இருக்காது, பச்சையிலயே வரைஞ்சுட்டு, நீலம்னு நினைச்சுக்குங்கடான்னு சொல்லிடுவேன்."

அறையில் பியானோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வேறு யாருக்காகவோ காத்திருந்தார்.

"என்னங்க, நீங்க கப்பல்ல போங்க. நான் பஸ்ஸுல போறேன்" என்றார் மனைவி.

"நீ இல்லாம எனக்கு எதுக்குக் கப்பல்?" என்றார் சார். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன மிக இனிமையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "என் மாத்திரையெல்லாம் யாரு எடுத்து வெப்பா?" என்றும் சேர்த்தார்.

அக்கா கப்பல் காகிதத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு அந்தத் துறைமுகம். திங்கள் ஒரு தீவு. செவ்வாய் காலை முதல் மாலை வரை... அக்கா அந்த வரியில் விரலை வைத்தார். செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் கப்பல் நிற்பது நம் நாட்டுத் துறைமுகத்தில். இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்.

"சார், அந்தக் கப்பல் நம்ம வாசலுக்கே வருது. நீங்க எதுக்கு பஸ் ஏறி அங்க போய்க் கப்பல் ஏறி, அதே கப்பல்ல திரும்பி நம்ம வாசலுக்கு வரணும்? செவ்வாய்க்கிழமை இங்கயே ஏறுங்க. வியாழக்கிழமை அங்க இறங்குங்க. அதுவரைக்கும் அந்த நாட்டு மண்ணுல நீங்க காலே வெக்கல. ஒரே என்ட்ரி!"

சார் யோசித்தார். "நாலு ராத்திரி ரெண்டு ராத்திரியாயிடுமே."

"பாதிக் கடல் சார். அதாவது மிச்சமாச்சே."

"எந்தப் பாதி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே தேசப்படத்தை மேசையில் விரித்து, விரலால் வழியை அளந்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "முதல் பாதி கரையோரமா போகுது. அதுல ஒண்ணுமில்ல, நம்ம ஏரி மாதிரிதான். ரெண்டாவது பாதிதான் ஆழம்!" ஆழமான பாதி தனக்கு வந்ததில் ஒரு பாகப்பிரிவினையில் ஜெயித்த திருப்தி அவருக்கு.

ஆனால் இரண்டு முடிச்சு பாக்கி இருந்தது. முதலாவது, அந்த வீசாவை வைத்துக்கொண்டு எந்தெந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தரை எல்லைகள், விமான நிலையங்கள், துறைமுகங்கள். பட்டியலில் இல்லாத வாசலில் போய் நின்றால் க்ளிப் இருந்தும் பயனில்லை. அந்த அம்மா புதிதாக வாங்கிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். சார் ஒவ்வொரு பெயருக்கும் அதன் மழையளவைச் சொல்லிக்கொண்டு வந்தார். "நீங்க சும்மா இருங்க" என்று ஏழு தடவை அதட்டல் வாங்கினார். நாற்பத்து மூன்று வாசலில் முப்பத்தெட்டாவதாகத் துறைமுகம் வந்தது. அம்மா அதை மூன்று தடவை வாசித்தார்.

இரண்டாவது முடிச்சு, நடுவழியில் ஏறுவதற்குக் கப்பல் கம்பெனியின் அனுமதி. அதற்கொரு படிவம். தாமதமாக ஏறுவதற்கான காரணம் என்ற இடத்தில் சார் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். இணைப்பாகக் கையால் வரைந்த படம் ஒன்று, அளவுகோலோடு. அக்கா அதைப் பத்திரமாக மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் பக்கத்தில் ஏறுகிறோம்" என்று ஒரு வரி எழுதினார். அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்வதாகக் கம்பெனி சொன்னது. சனிக்கிழமைதான் பஸ்ஸும். அனுமதி வந்தால் கப்பல். வராவிட்டால் பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து நேராக மகள் வீடு.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே இருவரும் பெட்டி படுக்கையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். பஸ் நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான். அம்மா ஒரு பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் உட்காரவே இல்லை. வீட்டுக்காரர் ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, கண்ணை மூடினார். பியானோ. ஒன்பதரை. பியானோ. பத்து. நடுவில் பல் டாக்டர் தன் புது வீசாவைக் காட்டவந்தவர், மொத்த அறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதைக் கண்டு, தானாகவே பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

பத்து இருபதுக்குப் பியானோ நின்றது. மறுமுனையில் ஒரு மனிதக் குரல் பேசியது. எதிர்பாராத இந்தத் தாக்குதலில் வீட்டுக்காரர் நிலைகுலைந்துபோனார். "ம்... ஹலோ... ஆமா... நான்தான்... நீங்க யாரு?" என்று உளறினார். அக்கா போனைப் பிடுங்கினார். கேட்டார். எழுதிக்கொண்டார். "ரெண்டு பேருக்கும்தானே? ரெண்டு பேருக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"கிடைச்சிடுச்சு சார். செவ்வாய் மதியம் ஒரு மணிக்குத் துறைமுகத்துல நிக்கணும்."

சார் வாயெல்லாம் பல்லானார். பால்கனியிலிருந்த டாக்டர் அந்தப் பல்லை ஜன்னல் வழியாகக் கவலையோடு பார்த்தார். ஆனால் அம்மா கைப்பிடியை விடவில்லை.

"பஸ்ஸுன்னா நாளைக்குச் சாயங்காலம் நான் பொண்ணுகூட இருப்பேன்" என்றார் மெதுவாக. "கப்பல்னா வியாழக்கிழமை. நடுவுல ஏதாவது ஆயிடுச்சுன்னா? அங்க உள்ள விடலேன்னா?"

மணி பத்தரை. சார் மனைவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தேசப்படத்தை எடுத்து அக்காவின் மேசையில் வைத்தார். "பஸ்ஸுக்கே போயிடலாம். கடல் எங்க போயிடப் போகுது? அது அங்கயேதான் இருக்கும். நான்தான் பாடம் நடத்தியிருக்கேனே." சொன்ன குரல், நீலம் ஸ்டாக் இல்லாத நாளின் குரல்.

உத்தரவாதம் என்ற சொல்லை அக்கா தொழிலில் பயன்படுத்தியதே இல்லை. எந்த அதிகாரிக்காகவும் நான் பேச முடியாது என்று சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறார். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் என் சொந்தக் கொழுந்தனாரையே ரெண்டு ரவுண்டு சுத்தவிட்டவ. அது உங்களுக்குத் தெரியணும். அதுக்கப்புறம் ஒருத்தரையும் சுத்தவிடல. வியாழக்கிழமை காலைல நீங்க அந்தக் கரையில நிப்பீங்க. சாயங்காலம் பொண்ணு வீட்டுல. நான் சொல்றேன்."

அம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம், "அந்தப் படத்தை எடுத்துக்குங்க. அப்புறம் கடல்ல வழி தெரியாம முழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் கைப்பிடியை விட்டார்.

வியாழக்கிழமை அக்கா யாரையும் பால்கனிக்கு அனுப்பவில்லை. ஏழரைக்குக் கப்பல் கரை சேரும். எட்டாயிற்று. எட்டரை ஆயிற்று. "கியூ இருக்கும் மேடம்" என்றார் வீட்டுக்காரர். "எனக்குத் தெரியும்" என்றார் மேடம். ஒன்பதுக்கு, "இன்னிக்குக் கொழுந்தனார்கிட்டேருந்து போன் வந்தா எடுக்காதீங்க" என்றார். ஒன்பது நாற்பதுக்குப் போன் சிணுங்கியது. வார்த்தை எதுவும் இல்லை. இரண்டு பாஸ்போர்ட், இரண்டு முத்திரை, பளிச்சென்று ஒரு படம். அக்கா தேதியைப் பார்த்தார், வாசலின் பெயரைப் பார்த்தார், எத்தனை நாள் தங்கலாம் என்று பார்த்தார். அதன் பிறகுதான் காலையிலிருந்து ஆறிப்போயிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு இருவரும் மகள் வீட்டில் பெட்டியை இறக்கினார்கள். ஆறரைக்கு மகளுக்கு வலி கண்டது. டாக்டர் குறித்த தேதிக்கு மூன்று நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில், ஒரு காகிதமும் கையில் இல்லாமல், எந்தக் கவுன்டரிலும் நிற்காமல், ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள். உள்ளே வந்தபோது பாட்டியின் கை தாயின் நெற்றியில் இருந்தது என்று பூகோள சார் எழுதியிருந்தார். கூடவே, கடல் நீலம் இல்லை, கிட்டத்தட்ட கறுப்பு என்றும், முப்பத்தோரு வருஷம் தப்பாக நடத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். செய்திக்குக் கீழே குழந்தையின் படம்.

"அடடா! மூக்கைப் பாருங்க மேடம், அப்படியே சார்" என்று வீட்டுக்காரர் உருகினார். "இந்தாம்மா, எப்படித் தூங்குது பாரு!" அலுவலக நேரம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அக்கா போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அணைத்திருந்த தாயின் கை வெளியே போகும்படி முகத்தை நடுவுக்கு நகர்த்தினார். பின்னால் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இடது காது தெரிந்தது. போனை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். பிறகு கண்ணோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் பதில் தட்டினார்: "மகிழ்ச்சி சார். பாஸ்போர்ட்டுக்கு வலது காதும் தெரியணும், இன்னொண்ணு அனுப்புங்க."